ஹாம்ஸ்டருக்கு வீட்டிலேயே விளையாட்டுச் சாமான் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: மகளுக்காக ஹாம்ஸ்டர் என்கிற, எலி மாதிரியான ஒரு செல்லப்பிராணியை வாங்கியிருக்கிறார்கள், கூடவே வாங்கிய கலர் கலரான பிளாஸ்டிக் சாமான்களை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது, வீட்டில் கிடக்கிற அட்டை, காகிதம் இவற்றை வைத்தே ஏதாவது செய்து போட முடியுமா, எது ஆபத்தில்லாதது? முடியும், தாராளமாக முடியும். பல நேரங்களில் கடைச் சாமானைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் எதற்காகச் செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், அது பிடிபட்டுவிட்டால் மீதியை நீங்களே யோசித்துச் செய்துவிடுவீர்கள்.

நாய்க்குட்டி பந்தைத் துரத்துவதுபோல ஹாம்ஸ்டர் எதையும் துரத்தாது. ஒரு பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு விளையாடுகிற பிராணி இல்லை அது. தோண்டும், ஒளியும், கடித்துக் கிழிக்கும், தீனியைத் தேடி எடுத்துக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைக்கும். ராத்திரி முழுக்க அதன் பிழைப்பே இந்த நான்கும்தான். இவற்றில் ஒன்றையாவது செய்ய இடம் கொடுக்கிற எந்தப் பொருளும் அதற்கு விளையாட்டுச் சாமான், இடம் கொடுக்காத எதுவும் நமக்கு அழகுச் சாமான், அவ்வளவுதான். அதனால் நீங்கள் செய்து போட்ட ஒன்றை அது ஒரே ராத்திரியில் நார் நாராகக் கிழித்துவிட்டால் வருத்தப்படாதீர்கள். அது சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, அதற்குக் கண்பார்வை மிகவும் சுமார். நிறங்களைப் பிரித்தறிவதும் குறைவு. மூக்கையும் மீசை முடிகளையும் நம்பித்தான் அது உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. சிவப்பு ஏணி, மஞ்சள் ஊஞ்சல் என்று நாம் பார்த்துப் பார்த்து வாங்குவதெல்லாம் அதன் மூக்குக்கு வெறும் பிளாஸ்டிக் வாசனைதான். அதுவே கசக்கிய ஒரு காகிதத்துக்குள் நாலு சூரியகாந்தி விதையைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், கூண்டின் அந்தக் கோடியிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு வரும்.

எந்த வகை ஹாம்ஸ்டர் என்று கேள்வியில் இல்லை, அது முக்கியம், ஏனென்றால் அளவெல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும். சிரியன் வகை வளர்ந்த பிறகு 12 முதல் 18 செ.மீ. வரை நீளம் இருக்கும், எடை 100 கிராமுக்கு மேல் போகும். குள்ள வகைகள் ரொம்பச் சின்னவை, அவற்றிலும் ரோபொரோவ்ஸ்கி என்பது 5 செ.மீ. அளவில் 20, 25 கிராம்தான் இருக்கும். ஒன்றுக்குச் சரியாக இருக்கிற ஓட்டை இன்னொன்றுக்குப் பொறி ஆகிவிடலாம். கீழே ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவும் சொல்கிறேன்.

பொருட்களைப் பற்றி முதலில். பழுப்பு நிறச் சாதாரண அட்டைப்பெட்டி, டாய்லெட் பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழல், அச்சில்லாத வெள்ளைக் காகிதம், வாசனை சேர்க்காத டிஷ்யூ, முட்டை அடுக்கி வருகிற கூழட்டை, இவை போதும், இவற்றை வைத்தே மாதக்கணக்கில் விதவிதமாகச் செய்யலாம். பளபளவென்று பூச்சு பூசிய அட்டை, வழவழப்பான பத்திரிகைத் தாள், சோப்புத்தூளோ வாசனைப் பொருளோ வந்த பெட்டி, இவை வேண்டாம். பெட்டியில் இருக்கிற செல்லோடேப், லேபிள், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். டேப்பை எடுத்த பிறகும் அந்த இடம் பிசுபிசுவென்று இருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிடுவது நல்லது, ஏனென்றால் அது கண்டிப்பாக அங்கேதான் வாய் வைக்கும். முட்டை அட்டையில் முட்டை உடைந்து ஒழுகிய கறை இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம், கிருமி இருக்கும்.

ஒட்டுவதற்கு என்ன செய்வது என்றால், முடிந்தவரை ஒட்டாமலே செய்யுங்கள். இரண்டு அட்டைத் துண்டுகளிலும் பாதி உயரத்துக்கு ஒரு பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கெட்டியாக நிற்கும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை, அதையும் மெல்லிசாகத் தடவி முழுக்கக் காயவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உருக்கி ஊற்றுகிற பசைக் குச்சி வேண்டாம், காய்ந்த பிறகு அது பிளாஸ்டிக் கட்டிதான், அதைக் கடித்து விழுங்கினால் வயிற்றில் அடைக்கும்.

ஒரு பொருளை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பஞ்சு. பஞ்சு, துணி, கம்பளி நூல், நைலான் கயிறு எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. "மெத்தை" என்றே பஞ்சுபோன்ற ஒன்றைக் கடைகளில் விற்கிறார்கள், பார்க்க மிருதுவாக, அழகாகத்தான் இருக்கும். அதன் இழை காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடலாம், கன்னப்பையில் சிக்கினால் வெளியே வராது, விழுங்கினால் குடலை அடைக்கும். கூடு கட்ட அதற்கு மெத்தை வேண்டும் என்றால் வெள்ளை டிஷ்யூவைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து ஒரு குவியலாகப் போடுங்கள், மெத்தையை அதுவே பின்னிக்கொள்ளும். அது ஒவ்வொரு துண்டாக வாயில் திணித்துக்கொண்டு ஓடுவதை உங்கள் மகள் ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் எந்தப் பொம்மையும் கேட்க மாட்டாள்.

சரி, இனி தோண்டல். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான், ஆனால் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவதும் இதுவேதான். கூண்டின் அடியில் பரப்புகிற காகிதத் துகளையோ மரச்சீவலையோ இனி படுகை என்றே சொல்கிறேன். அந்தப் படுகையை இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டுவிட்டு மேலே பத்துப் பொம்மைகளை வைத்தாலும் ஹாம்ஸ்டருக்கு அது வெறும் தரைதான். சிரியாவின் வயல்களில் காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி ஆழம் 65 செ.மீ. என்று வந்தது, சில வளைகள் ஒரு மீட்டரையும் தாண்டின. கம்பி கடிப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2006-ல் வெளியான இன்னோர் ஆய்வில் சிரியன் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழப் படுகைகளில் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள், 10 செ.மீ. படுகையில் இருந்தவைதான் மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. ஆகவே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த "விளையாட்டுச் சாமான்" இன்னும் நாலு கை படுகைதான். கூண்டின் ஒரு பாதியிலாவது 25, 30 செ.மீ. ஆழம் வருமாறு குவியுங்கள், இன்னும் அதிகம் முடிந்தால் நல்லது.

கம்பிக் கூண்டு என்றால் அவ்வளவு உயரத்துக்குப் போட்டால் வெளியே கொட்டுமே என்பீர்கள். அதற்குத்தான் தோண்டுபெட்டி. கூண்டுக்குள் நுழைகிற அளவில், ஆழமான ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, மேல்பக்கம் திறந்தபடியே வைத்து, ஒரு பக்கச் சுவரில் பாதி உயரத்தில் நுழைவு ஓட்டை போட்டு, உள்ளே படுகையை நிரப்பி, கையால் நன்றாக அழுத்திவிடுங்கள். இந்த அழுத்தல்தான் விஷயமே. பொலபொலவென்று கிடக்கிற படுகையில் அது தோண்டத் தோண்டச் சுரங்கம் சரிந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் அலுத்து விட்டுவிடும். நடுநடுவே உலர்ந்த புல்லையும் கசக்கிய காகிதத் துண்டுகளையும் கலந்து அடுக்கடுக்காக அழுத்தினால் சுரங்கம் அப்படியே நிற்கும். நுழைவு ஓட்டைக்கு ஓர் அட்டைக் குழலைச் சாய்வாகச் செருகி அதன் முனையைப் படுகைக்குள் புதைத்துவிட்டால் "இங்கேயிருந்து தோண்டு" என்று வழி காட்டியதுபோல ஆகிவிடும்.

தேங்காய் நார்த்தூளை வைத்தும் ஒரு சின்ன தோண்டுபெட்டி செய்யலாம். உரம் கலக்காத தூளாகப் பார்த்து வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, லேசான ஈரம் மட்டும் மிஞ்சும்வரை ஆறவிட்டு, பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு வையுங்கள். மண் மாதிரியே இருப்பதால் சில ஹாம்ஸ்டர்கள் அதில் தலைகால் புரியாமல் இறங்கிவிடும், சில சீந்தாமலே போய்விடும். ஈரம் இருப்பதால் பூஞ்சை வருகிறதா என்று அடிக்கடி கிளறிப் பார்க்க வேண்டும், முழு நேரமும் உள்ளேயே விட்டுவைக்காமல் எடுத்து எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது குழல்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது டாய்லெட் பேப்பர் குழல்தான், அதில்தான் விபத்தும் நடக்கிறது. அதன் உள்விட்டம் பொதுவாக 4 செ.மீ. அளவில் இருக்கும். குள்ள வகைகளுக்குச் சரி. வளர்ந்த சிரியன் நுழைந்துவிடும், ஆனால் கன்னப்பை நிறையத் தீனியோடு திரும்பும்போது மாட்டிக்கொள்ளும். அதன் கன்னப்பை தோள் வரைக்கும் போகிறது, நிறைந்தால் தலைப்பக்கம் இரண்டு மடங்கு அகலமாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே சிரியன் வைத்திருப்பவர்கள் குழலை நீளவாக்கில் ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கள், அப்போது அது விரிந்து கொடுக்கும், அல்லது பாதியாக வெட்டிக் குப்புறக் கவிழ்த்து ஒரு வளைவுக் கூரை மாதிரி வையுங்கள். உண்மையான சுரங்கம் வேண்டும் என்றால் சிரியனுக்கு 7 செ.மீ., குள்ள வகைகளுக்கு 5 செ.மீ. அகலம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 7 செ.மீ. குழலை எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம், வட்டமாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. 28 செ.மீ. அகலமுள்ள ஓர் அட்டையை எடுத்து 7 செ.மீ.க்கு ஒருமுறை மடித்தால் சதுரச் சுரங்கம் ரெடி. ஓரத்தில் கூடுதலாக இரண்டு செ.மீ. விட்டு அதை மாவுப் பசையால் ஒட்டுங்கள். அட்டைக்குள் இருக்கிற நெளிவரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, அந்த வரியோடு ஒட்டியே மடித்தால் முறியாமல் அழகாக மடியும். ஒரே சுரங்கத்தை ரொம்ப நீளமாக இழுக்காதீர்கள், ஒரு முழத்துக்குக் குறைவாகவே வைத்து, மேலே அங்கங்கே பென்சில் நுழைகிற அளவில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போடுங்கள். நெடுக ஒன்று வைப்பதைவிடச் சின்னச் சின்னதாக மூன்று வைத்துத் திசை மாற்றிப் போட்டால் அதற்கும் சுவாரசியம், உள்ளே சிறுநீர் கழித்து நனைத்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைப்பதும் சுலபம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பல அறை வீடு. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் இவ்வளவு பயன்படுகிற இன்னொன்று கிடையாது. இயற்கையில் அதன் வளையில் தூங்க ஓர் அறை, தீனி சேர்க்க ஓர் அறை, மலஜலத்துக்கு ஒரு மூலை என்று தனித்தனியாகத்தான் இருக்கும். அதையே அட்டையில் செய்கிறோம். சிரியனுக்கு ஏறத்தாழ 30 × 20 செ.மீ. பரப்பும் 12 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெட்டி, குள்ள வகைக்கு 20 × 15 போதும். அடிப்பாகத்தை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள், அடி இருக்கவே கூடாது. உள்ளே இரண்டு தடுப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் நாலு அறை கிடைக்கும். ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு வாசல், வெளியே போக இரண்டு வாசல், சிரியனுக்கு 7, குள்ளனுக்கு 5 செ.மீ. என்ற அதே கணக்கு. வாசல்களை நேருக்கு நேராக வைக்காமல் மூலைக்கு மூலை மாற்றி வைத்தால் உள் அறை இருட்டாக இருக்கும், அங்கேதான் அது கூடு போடும். மேலே மூடி மட்டும் தனியாக எடுக்கும்படி இருக்கட்டும். அது எதற்கு என்றால், சேர்த்து வைத்த தீனி கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கூட்டையே கலைக்க வேண்டியதில்லை, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். வீட்டைப் படுகையின் மேல் நேராக வைத்து லேசாக அழுத்திவிடுங்கள். அடி இல்லாததால் அது உள்ளேயிருந்தே கீழே தோண்டிக்கொண்டு போகும், நாளடைவில் வீட்டுக்கு அடியில் நிலவறை ஒன்று உருவாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அட்டை வீடு எடை குறைவு, அடியில் தோண்டினாலும் அது மேலே விழுந்து நசுக்காது. ஆனால் பீங்கான், மண் தொட்டி, கனமான மரத்துண்டு, கண்ணாடிக் கிண்ணம் எதையும் படுகையின் மேல் சும்மா வைக்கக் கூடாது. அதன் அடியில் தோண்டிக்கொண்டு போனால் மொத்தமும் அதன் மேல் இறங்கிவிடும். கனமானவை எல்லாம் கூண்டின் தரையிலேயே உட்கார வேண்டும், அல்லது தரையிலிருந்து எழும்பி நிற்கிற உறுதியான கால் வைத்த மேடையில் இருக்க வேண்டும். ஹாம்ஸ்டர் அடியில் தோண்டி இறந்துபோன கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன, அதனால் இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

தீனித் தேடலுக்கு வருவோம். கிண்ணத்தில் தீனியைப் போட்டால் அது வந்து இரண்டே நிமிடத்தில் கன்னப்பையில் அள்ளிக்கொண்டு போய்விடும், அன்றைய வேலை முடிந்தது. மிச்ச ராத்திரிக்கு என்ன செய்யும்? கம்பியைக் கடிக்கும். அதனால் கிண்ணத்தையே பாதி நாள் மறந்துவிடுங்கள். தானியத்தை அப்படியே படுகை முழுக்கத் தூவிவிடுங்கள், கொஞ்சத்தைப் புதையுங்கள், கொஞ்சத்தைச் சுரங்கத்துக்குள் போடுங்கள். இதற்கு ஒரு செலவும் இல்லை, செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

அதற்கு மேல் வேண்டும் என்றால் பொட்டலங்கள். குழலின் ஒரு முனையை உள்பக்கமாக மடித்து மூடி, உள்ளே நாலு விதையும் கிழித்த காகிதமும் போட்டு, மறுமுனையையும் மடித்துவிட்டால் அதைப் பிரிக்கவே அது நெடுநேரம் செலவழிக்கும். ஆனால் முதல் தடவையே இரண்டு பக்கமும் மூடினால் பழகாத ஹாம்ஸ்டர் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். முதலில் ஒரு முனையைத் திறந்தே வையுங்கள், அடுத்த தடவை காகிதத்தால் அடையுங்கள், அப்புறம் மடியுங்கள். முட்டை அட்டையின் குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு விதையைப் போட்டு மேலே கசக்கிய டிஷ்யூவை அமுக்கி வைப்பது இன்னொரு முறை. அட்டையை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, மூன்று வளையம் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கே செருகினால் பந்து போல வரும், அதன் நடுவில் உலர்ந்த புல்லைத் திணித்து விதையை மறைக்கலாம். குள்ள வகைக்கு அந்த வளைய இடைவெளிகள் தலை மட்டும் நுழைந்து உடம்பு நுழையாத அளவில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒளித்து வைக்கிற தீனி அன்றாட அளவிலிருந்தே எடுத்ததாக இருக்கட்டும், கூடுதலாகப் போட்டால் குண்டாகிவிடும். குள்ள வகைகளில் சிலவற்றுக்குச் சர்க்கரை நோய் வரும் போக்கு உண்டு, அதனால் பழம், இனிப்பு எதையும் பரிசாக வைக்க வேண்டாம். காய்கறித் துண்டை ஒளிக்காதீர்கள், அது எங்கேயோ புதைந்து அழுகும். குழலில் கடலை வெண்ணெயைத் தடவி விதைகளை ஒட்டி வைக்கிற வேலையை நிறையப் பேர் செய்கிறார்கள், நான் செய்யவே மாட்டேன். பிசுபிசுப்பான எதுவும் கன்னப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால் அதனால் வெளியே தள்ள முடியாது, புண்ணாகிவிடும்.

கடிப்பதற்கு அட்டையே பாதி வேலையைச் செய்துவிடும் என்றாலும் கொஞ்சம் கெட்டியான பொருளும் வேண்டும். அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றோடொன்று உரசியும் கடினமானதைக் கடித்தும் தேய்ந்தால்தான் சரியான அளவில் நிற்கும். ஆப்பிள் மரம், வில்லோ, ஹேசல் மரக் குச்சிகள் பாதுகாப்பானவை. பூச்சிமருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும், நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்துப் போடுங்கள். தேவதாரு மாதிரிப் பிசினும் வாசனையும் உள்ள மரங்கள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் ஆவி மூச்சுக்குக் கெடுதல். என்ன மரம் என்று தெரியாத குச்சியைத் தெருவிலிருந்து எடுத்து வராதீர்கள். சாயம் போடாத ஐஸ்கிரீம் குச்சி நல்லது, சாப்பிட்டு மிஞ்சியதாக இல்லாமல் புதிதாக இருக்கட்டும், ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சிலாம்பு இல்லாமல் செய்யுங்கள், சிலாம்பு கன்னப்பையில் குத்திவிடும். அந்தக் குச்சிகளை ஓர் அட்டைப் பட்டையின் மேல் வரிசையாக மாவுப் பசையால் ஒட்டினால் வழுக்காத சாய்வுப் பாதை கிடைக்கும், மேடை வைத்திருந்தால் ஏற இறங்க உதவும்.

மேடை என்றதும் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாம்ஸ்டருக்கு ஆழம் தெரியாது. மேசை ஓரத்தில் விட்டால் அப்படியே காலை எடுத்து வைத்துக் கீழே விழும். அது தரைக்குள் வாழ்கிற பிராணி, ஏறுவதற்குப் பிறந்தது இல்லை. ஆகவே ஏணி, ஊஞ்சல், தொங்குபாலம், மாடி வீடு என்று உயரமாகக் கட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள். எதுவாக இருந்தாலும் விழுந்தால் படுகையில் விழ வேண்டும், அந்த உயரமும் 15 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறவற்றையும் நான் தவிர்த்துவிடுவேன், கயிற்றின் வளையத்தில் கழுத்தோ காலோ மாட்டும்.

அடுப்படியில் கிடைக்கிற இரண்டைச் சொல்கிறேன். கொட்டாங்குச்சி அருமையான ஒளிவிடம். உள்ளே ஒட்டியிருக்கிற தேங்காயை முழுக்கச் சுரண்டி, வெளி நாரை நீக்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்து, ஓரத்தில் வாசல் அறுத்து உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். குள்ள வகைகளுக்கு இது கச்சிதம், பெரிய சிரியனுக்குச் சின்னதாகிவிடும். பழைய பீங்கான் கோப்பை அல்லது சாயம் பூசாத மண் பூந்தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் குளிர்ச்சியான ஒரு பொந்து கிடைக்கும், வெக்கையான நாளில் அதில்தான் போய்ப் படுத்திருக்கும். தொட்டியின் அடியில் இருக்கிற ஓட்டையில் குள்ள ஹாம்ஸ்டரின் தலை மாட்டலாம், அந்தப் பக்கத்தைக் கூண்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

மணல் குளியல் விளையாட்டா சுத்தமா என்றால் இரண்டும்தான். ஹாம்ஸ்டரைத் தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது, அது மணலில் புரண்டுதான் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துக்கொள்ளும். கனமான, வாயகன்ற பாத்திரத்தில் மூன்று விரல் ஆழத்துக்கு மணல் போடுங்கள், அது உள்ளே ஒருமுறை புரண்டு திரும்புகிற அகலம் வேண்டும். சலித்து, கழுவி, சூடாக்கி ஆறவைத்த சுத்தமான மணலாக இருக்க வேண்டும். கையில் அள்ளிக் கொட்டினால் புகை மாதிரி எழுந்தால் அது மணல் இல்லை, தூசு, நுரையீரலுக்குக் கேடு. சின்சில்லா என்கிற இன்னொரு கொறிக்கும் பிராணிக்கு என்று விற்கிற பொடியும் இந்த ரகம்தான். சில ஹாம்ஸ்டர்கள் மணலையே கழிப்பறை ஆக்கிக்கொள்ளும், அது நல்லதுதான், உங்களுக்குச் சுத்தம் செய்கிற வேலை மிச்சம்.

வீட்டில் செய்யவே வேண்டாம் என்று நான் சொல்வது ஓடுகிற சக்கரம். கம்பி வலையை வளைத்தும் டப்பா மூடியைக் கோத்தும் செய்து பார்க்கிறார்கள். ஒரு ராத்திரியில் பல கிலோமீட்டர் ஓடுகிற பிராணி, அந்த ஓட்டத்தில் ஒரு சின்ன இடைவெளியில் விரல் சிக்கினாலும் கால் முறிந்துவிடும். இதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். ஓடுகிற பரப்பு இடைவெளி இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும், சிரியனுக்கு விட்டம் 28 செ.மீ., குள்ள வகைக்கு 20 செ.மீ. அளவில் பாருங்கள். ஓடும்போது முதுகு நேராக இருக்கிறதா என்பதுதான் சோதனை, வில்லாக வளைந்தால் சக்கரம் சின்னது. ஹாம்ஸ்டரை உள்ளே போட்டு மூடி உருட்டுகிற பிளாஸ்டிக் பந்தும் வேண்டாம். உள்ளே காற்று போதாது, மோப்பம் கிடையாது, நினைத்தபோது வெளியே வர முடியாது, அது பயந்து ஓடுவதைத்தான் நாம் விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கம்பி கடிப்பதைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கூண்டு சின்னதாக இருந்தால் எவ்வளவு செய்து போட்டாலும் அது நிற்காது. மாடி மாடியாக உயரமாக இருப்பது கணக்கில் வராது, ஒரே தளமாகக் கிடைக்கிற தரைதான் கணக்கு. 100 × 50 செ.மீ. தரை இருந்தால் மேலே சொன்ன தோண்டுபெட்டி, வீடு, மணல் பாத்திரம், சக்கரம் எல்லாம் நெருக்கடி இல்லாமல் வைக்கலாம். உங்களுடையது அதில் பாதிகூட இல்லை என்றால் சாமான் செய்கிற நேரத்தை முதலில் கூண்டை மாற்றுவதில் செலவழியுங்கள். துணைக்கு இன்னொரு ஹாம்ஸ்டரை வாங்கிவிடலாமா என்று தோன்றினால், கூடாது. சிரியன் வகை தனியாக வாழ்கிற பிராணி, இரண்டை ஒன்றாகப் போட்டால் சாகும்வரை சண்டை போடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து உள்ளே அடுக்கிவிடாதீர்கள். அது தன் உடம்பு வாசனையைத் தடவித்தான் "இது என் இடம்" என்று அடையாளம் வைத்துக்கொள்கிறது, சிரியனுக்கு விலாவிலும் குள்ள வகைகளுக்கு வயிற்றிலும் அதற்கென்றே சுரப்பிகள் உண்டு. ஒரே நாளில் எல்லாம் புதிதாகிவிட்டால் வேறு யாரோ ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விட்டதுபோலத் திகைத்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழைய படுகையில் ஒரு கை எடுத்துப் புதிய வீட்டுக்குள் போட்டுவிடுங்கள், நடந்து பழகிய பாதையைக் கலைக்காதீர்கள். கூண்டு சுத்தம் செய்கிற நாளிலேயே புதுச் சாமானும் வைப்பது வேண்டாம், இரண்டு மாற்றம் ஒரே நாளில் அதிகம்.

அட்டையை அது தின்றுவிடாதா என்ற பயமும் இருக்கும். சாதாரணமாகக் கிழித்துப் போடும், அல்லது கன்னப்பையில் வைத்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும், விழுங்குவது இல்லை. மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்தால் அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள். கன்னம் ஒரு பக்கம் மட்டும் வீங்கி ஒரு நாளுக்கு மேல் அப்படியே இருந்தால், அல்லது தீனியை எடுத்து வாயில் வைக்க முடியாமல் கீழே போட்டால், நீங்களாக விரலை விட்டுப் பார்க்காமல் சின்னப் பிராணிகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மகளுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. வெட்டுவது நீங்கள் செய்யுங்கள், மடிப்பது, டேப் பிய்ப்பது, காகிதம் கிழிப்பது, விதைகளை எங்கே ஒளிப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவளிடம் விடுங்கள். பகலில் தூங்குகிற ஹாம்ஸ்டரை எழுப்பிக் காட்டக் கூடாது, எழுப்பினால் கடிக்கும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில், அது எழுந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, விளக்கைக் குறைத்து, தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். வைத்ததை அன்றைக்கே தொடவில்லை என்றால் ஏமாற வேண்டாம். இரண்டு மூன்று ராத்திரி அதன் வாசனை ஏறட்டும். ஒரு வாரம் கழித்தும் சீந்தவில்லை என்றால் எடுத்துவிட்டு, அதே அட்டையை வெட்டி வேறொன்றாகச் செய்து வேறு மூலையில் வையுங்கள்.